சம்பா வயலுக்கு வரும் கரிச்சானும் ஆந்தையும்

ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலைக் காலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கரிச்சான் (இரட்டைவால் குருவி) உட்கார இடம் தேடிச் சுற்றும். குச்சி நட்டு வைத்தால் அதில் அமர்ந்து, தண்டு துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் தாய் அந்துப்பூச்சிகளைப் பறந்து பிடிக்கும்.

இரவில் வருவது கூகை ஆந்தை. அலறினால் சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டுவோர் இன்னும் உண்டு. அது வருவது எலிக்காகத்தான். எக்டருக்கு 40 முதல் 50 இடங்களில் தென்னை மட்டையைத் தலைகீழாக, அகன்ற அடிப்பாகம் பயிருக்கு மேல் ஓரடி தெரியும்படி நடுங்கள். ஆந்தை வந்ததா என்று அறிய இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். மட்டையில் வெள்ளை எச்சம் இருக்கும். வரப்போர மட்டைகளின் அடியில் கருநிற உருண்டைகள் கிடக்கும். பிரித்தால் உள்ளே எலியின் முடியும் மண்டையோடும் இருக்கும். எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காததை ஆந்தை இப்படிக் கக்கிவிடுகிறது.

இந்த உருண்டையைக் கண்ட வயலில் புரோமோடையலோன் வைக்காதீர்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். எளிதில் சிக்கும் அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் நஞ்சு ஏறும். வரப்பைச் சிறிதாக்கி வளைகளை வெட்டுங்கள், தஞ்சாவூர் கிட்டி வையுங்கள்.

கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் குச்சி, மட்டை எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். விட்டால் சில்லைக் குருவியும் கிளியும் அதில் அமர்ந்து கதிரைக் கொத்தும்.