சிறாரும் பாரிசவாதமும்

பாரிசவாதம் முதுமையின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் அது சிறாரையும் தாக்கும். மூளைக் குழாயை அடைக்கும் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தொன்று 1996இல் அமெரிக்காவில் வளர்ந்தோர்க்கு ஒப்புதல் பெற்றது. சிறார்க்கும் அது ஏற்றதா என அறிய அங்கு மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, ஒரே குழந்தையைச் சேர்த்த நிலையில் 2013இல் நிறுத்தப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட பலருக்கு இருந்தது வேறு நோய். சிலர் காலங்கடந்து வந்தனர்.

ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. அவ்வாய்வுக்கென மருத்துவமனைகள் குழந்தை நரம்பியல் வல்லுநரை எந்நேரமும் அழைக்கவும், மூளையை விரைந்து படமெடுக்கவும் ஒழுங்கு செய்திருந்தன. அவ்வொழுங்குகள் பின்னரும் பயன்பட்டன.

வயல் சூழ்ந்த வீரமுனையிலிருந்து குழந்தையைக் கல்முனைக்கு விரைந்து கொண்டுசெல்லும் பெற்றோர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. முகம் கோணுதல், ஒருபக்கக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீர் வலிப்பு ஆகியவற்றுள் எது கண்டாலும், அது தொடங்கிய நேரத்தை மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அந்நேரம் இன்றியமையாதது.