பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது - டீலோஸ் தீவு

கிரீஸ் போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சாண்டோரினி போனீங்களா?" போகவில்லை சாமி. வெள்ளைச் சுவர், நீலக் கூரை, அஸ்தமனச் சூரியன் எதுவும் என் போனில் கிடையாது. தங்கமணிக்கு அதில் இன்னும் கோபம். (அவளை விட்டுவிட்டுப் போனது தனிக் கேஸ். இன்னும் பைசலாகவில்லை.) நான் பார்த்து வந்தது ஒரு மொட்டைத் தீவு. ஐந்து கிலோமீட்டர் நீளம், ஒன்றேகால் கிலோமீட்டர் அகலம். ஹோட்டல் இல்லை, வீடு இல்லை, ராத்திரி தங்க அனுமதியும் இல்லை.

கூட வந்தவன் என் பள்ளித் தோழன், தூத்துக்குடிக்காரன். நான் பி.காம். முடித்து வங்கிக்குள் நுழைந்தேன், அவன் கப்பலுக்குள் நுழைந்தான். இப்போது சீஃப் எஞ்சினியர், அதனால் இங்கே அவன் பெயர் சீஃப். 2023 மே மாதம் கிரேக்க முதலாளி ஒருவரின் கப்பலில் ஒப்பந்தம் முடிந்து பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கினான். "நாலு நாள் கையில இருக்கு, வாரியாலே?" என்றான். பூனாவுக்கு வந்து பதினாலு வருஷத்தில் நான் முழுதாக எடுத்த லீவ் அதுதான்.

நான் கிளம்பிய நேரம் அவ்வளவு சரியில்லை. அம்மா போன பிறகு, 2021-லிருந்து அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது, ஏழாவது மாடி. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வீட்டுக்கு ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார், ஜூன் மாதத்துக்குள் பதில் வேண்டுமாம். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் தினமும் காப்பி குடித்துவிட்டு, "எய்யா, கடைசி காலத்துல என்னைய ஊர்ல கொண்டு போய் விட்டிரு" என்பார். ஊரில் யார் பார்த்துக்கொள்வார்கள், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று நான் ஒரு பட்டியல் போடுவேன். மறுநாள் திரும்பவும் அதே காப்பி, அதே வாக்கியம்.

சரி, தீவுக்கு வருவோம்.

மிக்கோனோஸ் தீவிலிருந்து படகில் அரை மணி நேரம். எழுபது வயது அமெரிக்கத் தம்பதிகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர், பையில் சீஃப் எங்கிருந்தோ பிடித்து வந்த ஊறுகாய் பாட்டில். இறங்கியதும் கண்ணுக்கு எட்டிய வரை கல்தான். 1873 முதல் பிரெஞ்சு தொல்லியல்காரர்கள் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கிரேக்கக் கதைப்படி, கடவுள் சீயஸால் கர்ப்பமான லேட்டோவுக்குப் பிரசவ நேரம். சீயஸின் மனைவி ஹீராவுக்குப் பயந்து எந்த ஊரும் அவளுக்கு இடம் தரவில்லை. அப்போது டீலோஸ் வேர் இல்லாமல் கடலில் மிதந்துகொண்டிருந்த தீவு, அதற்கு இழக்க ஒன்றும் இல்லை. அது இடம் கொடுத்தது. அப்போலோ பிறந்தார், தீவும் ஓர் இடத்தில் நிலைத்தது. யாரும் சேர்க்காத ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர் இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கோயில் வளர்ந்தது. பாரசீகப் படையெடுப்பு முடிந்ததும் கி.மு. 478-ல் கிரேக்க நகரங்கள் ஏதென்ஸ் தலைமையில் ஒரு கூட்டணி அமைத்தன. அதன் கஜானா டீலோஸில். கி.மு. 454-ல் அந்தக் கஜானாவை ஏதென்ஸ் தன் ஊருக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். ஹெட் ஆபீஸ் எல்லாக் காலத்திலும் சொல்கிற காரணம்தான்.

கி.மு. 426-ல் இன்னொரு வேலையும் செய்தது. ஏதென்ஸில் கொள்ளைநோய் அடித்து ஓய்ந்த காலம். தீவைப் புனிதப்படுத்துகிறோம் என்று சொல்லி அங்கே இருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி, எலும்புகளையும் கூட இருந்த பொருள்களையும் எதிரே உள்ள ரெனியா தீவுக்குக் கொண்டு போனார்கள். இனிமேல் டீலோஸில் யாரும் பிறக்கக் கூடாது, யாரும் இறக்கக் கூடாது என்று உத்தரவு. பிரசவ நேரம் நெருங்கினால் ரெனியாவுக்குப் போக வேண்டும். சாகக் கிடந்தாலும் ரெனியாவுக்குப் போக வேண்டும். லேட்டோவுக்கு இடம் கொடுத்த அதே தீவில்!

தோண்டி எடுத்த கல்லறைகளில் பாதிக்கு மேல் காரியர்களுடையவை என்று துசிடிடிஸ் எழுதுகிறார். காரியர்கள் கிரேக்கர்கள் அல்ல, கிழக்கே ஆசியக் கரையைச் சேர்ந்த மக்கள். கூடவே புதைத்த ஆயுதங்களையும் புதைத்த முறையையும் வைத்து அடையாளம் கண்டார்களாம்.

நாலே வருஷம். கி.மு. 422-ல், இந்த மக்கள் இங்கே இருப்பதே தீட்டு என்று டீலோஸ்காரர்களை மொத்தமாக வெளியேற்றினார்கள். அவர்கள் ஆசியக் கரையில் பாரசீக ஆளுநர் கொடுத்த ஓர் ஊரில் ஒதுங்கினார்கள். அடுத்த வருஷமே, போரில் அடிபட்ட ஏதென்ஸ் மனம் மாறித் திரும்பி வரச் சொன்னது. இவர்களைப் பற்றி புளூடார்க் ஒரு துணுக்கு சொல்கிறார். எங்கள் தீவின் மேல் எங்களுக்குத்தான் உரிமை என்று வாதாடிய டீலோஸ்காரர்களிடம் ஒரு ஸ்பார்ட்டாக்காரர் கேட்டாராம்: உங்களில் ஒருவரும் பிறக்காத, இனியும் பிறக்கப் போகாத இடம் எப்படி உங்கள் சொந்த ஊராகும்? துணுக்கில் ஸ்பார்ட்டாக்காரர் கெட்டிக்காரர். பிறக்க விடாமல் செய்தது யார் என்று திருப்பிக் கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை.

இனி என் ஏரியா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 314-லிருந்து சுமார் நூற்றைம்பது வருஷம் டீலோஸ் சுதந்திர ஊர். அப்போது கோயில்தான் அங்கே வங்கி. வருஷா வருஷம் புது நிர்வாகிகள் வருவார்கள். பழையவர்கள் கஜானா, வெள்ளிப் பாத்திரம், வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, கணக்கைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். கடனுக்குப் பத்து சதவீத வட்டி. கோயில் நிலம் பத்து வருஷக் குத்தகைக்கு, ஜாமீனோடு. பாக்கி வைத்தால் குத்தகைக்காரர் பெயரோடு ஜாமீன் போட்டவர் பெயரும் கல்லில் ஏறும். பணத்தை ஜாடிகளில் போட்டு, எவ்வளவு, எந்த வங்கி வழியாக வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விறகு எவ்வளவு, கீல் எவ்வளவு, கோயிலைச் சுத்திகரிக்கப் பலி கொடுத்த பன்றிக்குட்டி என்ன விலை என்பது வரைக்கும் உண்டு. இருபது வருஷம் இன்ஸ்பெக்ஷனில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், இதில் கால்வாசி ஒழுங்கை நான் பல கிளைகளில் பார்த்ததில்லை. கிரேக்க மொழியில் இன்றும் வங்கிக்கு 'திராபெஸா' என்றுதான் பெயர். மேசை என்று அர்த்தம். நாணயம் மாற்றுகிறவன் போட்டு உட்கார்ந்த மேசை.

"ஏலே, கல்லைக் கும்பிட்டது போதும், வெயில் ஏறுது" என்று சீஃப் இழுத்துக்கொண்டு போனான்.

கி.மு. 166-ல் ரோம் உள்ளே வந்தது. ரோட்ஸ் தீவுதான் அன்று கிழக்குக் கடலின் பெரிய துறைமுகம். அதன் மேல் ரோமுக்குக் கோபம். படை அனுப்பவில்லை. டீலோஸை ஏதென்ஸிடம் கொடுத்து, சுங்கவரி கிடையாது என்று அறிவித்தது, அவ்வளவுதான். பத்து லட்சம் டிராக்மாவாக இருந்த ரோட்ஸின் துறைமுக வருமானம் ஒன்றரை லட்சத்துக்கு விழுந்தது என்று பொலிபியஸ் எழுதுகிறார். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஓர் ஊரை முடித்துவிட்டார்கள். டீலோஸ்காரர்களுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போனவர்கள் அக்காயாவில் குடியேறி அந்த நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். இந்த முறை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அந்தத் தீவில் இருந்த அத்தனை பேரும் வந்தேறிகள். இத்தாலிக்காரர், ஏதென்ஸ்காரர், சிரியாக்காரர், எகிப்துக்காரர். ஐசிஸுக்கு ஒரு கோயில், சிரிய தெய்வங்களுக்கு ஒரு கோயில், யூதர்களின் தொழுகைக்கூடம் என்று கருதப்படும் ஒரு கட்டடம். பெய்ரூட்டிலிருந்து வந்த வியாபாரிகள், கப்பல்காரர்கள், கிட்டங்கிக்காரர்கள் சேர்ந்து பொசைடன் பெயரில் ஒரு சங்கம் வைத்துக் கட்டடமும் கட்டினார்கள். முற்றம், சாமி அறைகள், கூடிப் பேச இடம். கட்டுகிறபோது கையைக் கடித்திருக்கிறது. கடன் கொடுத்த ரோமானிய வங்கிக்காரர் மார்கஸ் மினாட்டியஸ் வட்டியைத் தள்ளுபடி செய்து நன்கொடையும் கொடுத்தார். அதற்காக அவருக்குச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டார்கள். (நான் வட்டி தள்ளுபடி செய்தால் எனக்கு வருவது மெமோ.) நம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா நன்கொடையாளர் பெயரைப் பலகையில் எழுதுகிறோமே, அந்த ஞாபகம் வந்தது. எங்கள் சங்கத்தை மனதுக்குள் கிண்டல் செய்வதை அன்றோடு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் செழிப்பு எதன் மேல் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றி அனுப்பக்கூடிய ஊர் டீலோஸ் என்று ஸ்டிராபோ எழுதுகிறார். அந்த எண் கூடுதலாகவே இருக்கலாம், வியாபாரம் உண்மை. இத்தாலிக்காரர் சதுக்கம் என்று பெரிய மைதானம் ஒன்று இருக்கிறது. அதுதான் அடிமைச் சந்தை என்று சிலர் சொல்கிறார்கள், வேறு பலர் ஒப்புக்கொள்ளவில்லை. சீஃப் அங்கே நின்று ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பன்னிக்குட்டி விலை எழுதி வச்சிருக்கான்னு சொன்னியே, இவங்க பேரு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

முடிவு சீக்கிரமே வந்தது. கி.மு. 88-ல் ரோமோடு போரிட்ட பான்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படை இறங்கியது. டீலோஸிலும் சுற்றுப்புறத்திலும் இருபதாயிரம் பேர், பெரும்பாலும் இத்தாலிக்காரர்கள், கொல்லப்பட்டார்கள் என்கிறார் அப்பியன். இறக்கக் கூடாது என்ற உத்தரவு அன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்? கி.மு. 69-ல் மிச்சத்தைக் கடற்கொள்ளையர்கள் முடித்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியஸ் எழுதுகிறபோது, ஏதென்ஸ் அனுப்பிய காவலர்களை எடுத்துவிட்டால் டீலோஸ்காரர் என்று ஒருவரும் அங்கே இல்லை. இன்றைக்கும் கடைசிப் படகு போன பிறகு காவலர்களும் தொல்லியல் ஆட்களும் மட்டும்தான்.

கிந்தோஸ் குன்று நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்தான். எனக்கு அதற்கே மூச்சு வாங்கியது. உச்சியில் நின்றால் மேற்கே ரெனியா தெரிகிறது. நடுவில் உள்ள கடல் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு காலத்தில் சாமோஸ் ஆட்சியாளர் பாலிகிராட்டஸ் ரெனியாவைச் சங்கிலியால் டீலோஸோடு கட்டி அப்போலோவுக்குக் காணிக்கையாக்கினார் என்கிறார் துசிடிடிஸ். அவ்வளவு பக்கம்.

"இதுல படகுல வச்சுக் கொண்டு போவாங்களாலே, சாகப் போறவங்கள?"

"ஆமா."

"கூட யாராவது போவாங்கல்ல?"

சீஃபின் அப்பா 2014-ல் போனார். அப்போது அவன் பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தான். நடுக்கடலில் செய்தி வந்தது. கப்பலைத் திருப்ப முடியாது, இறங்க இடமில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் அவன் அதைப் பற்றி என்னிடம் பேசியது அன்று அந்தக் குன்றின் மேல்தான், அதுவும் நாலு வாக்கியம். நான் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தேன். ரொட்டிக்கு நன்றாகவே இருந்தது.

திரும்பி மிக்கோனோஸ் படகுத்துறையில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். சாப்பிட்டாயா, குளிரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, என்ன பார்த்தாய் என்றார். பிறக்கவும் இறக்கவும் தடை போட்ட தீவைப் பற்றிச் சொன்னேன். முடியாதவர்களை எதிர்த் தீவுக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்றேன்.

"எம்புட்டுத் தூரம்?"

"ஒரு கிலோமீட்டர் இருக்காதுப்பா. நின்னா தெரியுது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"பரவால்லையே" என்றார். "நல்ல மனுசங்கதான்."

பிறகு போனைத் தங்கமணியிடம் கொடுத்துவிட்டார்.