நீரும் ஆவியும்: ‘ஞானஸ்நானம்’ என்னும் சொல்லின் வரலாறு

‘குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்’ என்பது ஒரு வாக்கியம். ‘நான் ஞானஸ்நானம் எடுத்தேன்’ என்பது மற்றொன்று. இரண்டும் தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்களில் இயல்பாகக் கேட்கக்கூடியவை. முதலாவதில் கொடுப்பது திருச்சபை. பெறுவது பேசவும் அறியாத கைக்குழந்தை. இரண்டாவதில் எழுவாய் வளர்ந்த ஒருவர், வினையும் அவருடையதே. காவடி எடுத்தல் என்று நாம் சொல்லும்போது ஒருவர் தாமே முன்வந்து ஏற்கும் செயல் என்ற குறிப்பு ‘எடு’ என்னும் வினையில் தங்கியிருப்பதை நினைத்துப் பார்க்கலாம். இவ்விரு வினைச்சொற்களுக்கும் நடுவே நெடுங்காலச் சமய வழக்கொன்று கிடக்கிறது. நீரில் பெறும் முழுக்கு மனிதனை மீட்கிறதா? ஆவியினால் வருவதே மீட்பு என்றால் நீர் எதற்கு? இவ்வினாக்களுக்குத் தமிழ்ச் சொற்கள் எவ்வாறு முகங்கொடுத்தன என்பதே இவ்வுரையின் பொருள்.

வழக்கின் வித்து புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. அப்போஸ்தலர் நடபடிகளில் சமாரியர் முதலில் நீர்முழுக்குப் பெறுகின்றனர். ஆவி பின்னரே அருளப்படுகிறது. இரண்டு அதிகாரங்கள் கடந்து, ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் ஆவி முந்திக்கொள்கிறது. நீர் பின்னே வருகிறது. சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய கள்வனோ எந்த நீரையும் காணாமலே பரதீசு பெறுகிறான். ஒரே நூலுக்குள் இத்தனை வரிசைகள் இருந்தால் உரையாசிரியர்கள் ஒன்றுபடுவது எங்ஙனம்?

கத்தோலிக்கத் திருச்சபை நீர்முழுக்கு மீட்புக்கு இன்றியமையாதது என்றது. ஆயினும் அதைப் பெற விரும்பியும் பெறாது இறந்தோர்க்கும், விசுவாசத்துக்காக உயிர் துறந்தோர்க்கும் வாயிலை அடைக்கவில்லை. தமிழ் ஞானோபதேச மரபில் ஆசை ஞானஸ்நானம், இரத்த ஞானஸ்நானம் என்று வழங்கியவை இவையே. லூத்தர் தம் 1529ஆம் ஆண்டுச் சிறு ஞானோபதேசத்தில், செயலாற்றுவது வெறும் நீரன்று, நீரோடு சேர்ந்த இறைவார்த்தையே என்று விளக்கினார். இவ்விரு தரப்பும் குழந்தை முழுக்கை ஏற்றன. ஏற்காதவர்கள் 1525 சனவரியில் சூரிக் நகரில் கூடி, விசுவாசத்தை அறிக்கையிடும் பெரியவர்க்கே முழுக்கு என்று முடிவுசெய்து, ஒருவர்க்கொருவர் மீண்டும் முழுக்குக் கொடுத்துக்கொண்டனர். நகர மன்றம் அதற்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ட்ஸ் 1527 சனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். முழுக்குக்கு முழுக்கையே தண்டனையாக்கிய கொடிய எள்ளல் அது. இதை நான் இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு: சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு எல்லாம் சொற்களாகவே தெரியும், அச்சொற்களுக்காக உயிர் நீத்தவர்கள் இருந்தனர்.

தமிழகத்துக்கு வருவோம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் போர்த்துக்கீசியக் குருக்களிடம் நீர்முழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோதுதான் செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்விக்கும் முயற்சி முறையாகத் தொடங்கியது. அங்கே நீர் முந்தியது, சொல் பிந்தியது. 1578இல் கொல்லத்தில் அச்சான என்றிக்கே என்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ போர்த்துக்கீசியச் சமயச் சொற்கள் பலவற்றை ஒலிபெயர்த்தே வழங்கிற்று. தூய ஆவிக்கு ‘இஸ்பிரீத்து சாந்து’ என்னும் கடன்சொல் கத்தோலிக்கத் தமிழில் நெடுங்காலம் நிலைத்தது. ஆவியைப் பற்றிய பேச்சே அயலொலியில் நிகழ்ந்த காலம் அது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியும் அவர் வழியினரும் வடசொற் கூட்டுகளை நாடினர். ஞானோபதேசம், ஞானத்தந்தை, ஞானஸ்நானம் ஆகியவை வேரூன்றியது இம்மரபிலேதான். இக்கூட்டுகளில் ‘ஞான’ என்னும் முன்னொட்டுக்கு ‘ஆன்மிகம் சார்ந்த’ என்பதே பொருள். அறிவைப் பற்றிய பேச்சு அங்கில்லை. ஆனால் தமிழர் செவி அதை அவ்வாறு மட்டும் கேட்டிருக்குமா? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிநிலையில் ஞானம் உச்சியில் நிற்பது. நீராடல் புறச்செயல்களைச் சேர்ந்தது. உச்சியையும் அடியையும் ஒரே சொல்லில் பிணைத்தது அக்கூட்டு. கிரேக்கச் சொல்லுக்கு ‘அமிழ்த்து’ என்பதே அடிப்பொருள். அதில் ஆவியும் இல்லை, ஞானமும் இல்லை. தமிழிலோ நீர்ச்சடங்கின் பெயருக்குள்ளேயே அகப்பொருள் குடியேறிவிட்டது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, கத்தோலிக்க நூல்களைப் படித்து அவற்றின் கலைச்சொற்கள் பலவற்றைத் தயங்காமல் எடுத்தாண்டார். 1715இல் அச்சு நிறைவுற்ற அவருடைய புதிய ஏற்பாட்டுக்குப் பின் வந்த திருத்தங்கள் பல. இன்றும் சீர்திருத்த சபைகளில் பயிலும் மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் காண்கிறோம். இயேசு தம் மரணத்தையே ஒரு முழுக்காகக் குறிக்கும் லூக்கா 12:50இல் ‘ஞான’ உதிர்ந்து ‘ஸ்நானம்’ மட்டும் நிற்கிறது. யோவானுக்கு ‘ஸ்நானகன்’ என்பதே பட்டம். மாற்கு 7:4இல் கிண்ணங்களைப் பற்றி அதே கிரேக்க வேர் வரும்போது அது வெறும் கழுவுதலாகிறது. ஆயினும் மத்தேயு 3:11இல் யோவான் தாம் நீரால் கொடுப்பதையும், வருபவர் ஆவியால் கொடுக்கப்போவதையும் ஞானஸ்நானம் என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறார். மூலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பது உண்மை. ஆனால் அங்கே நீரையும் ஆவியையும் எதிரெதிரே நிறுத்துவதே பேச்சின் நோக்கம். ‘ஜலம்’ என்ற அடை வந்தும் ‘ஞான’ விலகாததால் அவ்வெதிர்நிலை தமிழில் மங்குகிறது என்றே கருதுகிறேன்.

இச்சொல்லால் ஒரு நன்மையும் விளைந்தது. வங்காளத்தில் செராம்பூர் பாப்டிஸ்டுகள் தம் மொழிபெயர்ப்பில் ‘அமிழ்த்துதல்’ எனப் பொருள்படும் சொல்லை ஆண்டதால், 1830களில் பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கம் உதவி தர மறுத்தது. பூசல் கடல் கடந்து, 1836இல் அமெரிக்காவிலும் 1840இல் இலண்டனிலும் தனிச் சங்கங்கள் தோன்றக் காரணமாயிற்று. தமிழில் அத்தகைய பிளவு நேரவில்லை. ஸ்நானம் என்பது ஆற்றில் மூழ்குவதையும் குடத்து நீரைத் தலையில் வார்ப்பதையும் ஒருங்கே குறிக்கும். தெளிப்போரும் முழுக்குவோரும் அதனுள் அடங்கினர்.

ஆவியைத் தனித்துப் பேசும் தேவை பின்னர் எழுந்தது. 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியான் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷை பேசுதலும் தீர்க்கதரிசனமும் நிகழ்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. கலிபோர்னியாவின் அசூசா தெருக் கூட்டங்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தியது இது. பெந்தெகொஸ்தே வரலாறுகள் சிலவற்றில் இதற்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை. 1924இல் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகள் வளர்ந்தபோது ‘ஆவியின் அபிஷேகம்’, ‘பரிசுத்த ஆவியின் ஞானஸ்நானம்’ முதலிய தொடர்கள் பரவின. உடனே மொழியில் ஒரு நெருக்கடி. பழைய சொல்லை இருவகையாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ‘தண்ணீர் ஞானஸ்நானம்’ என்ற தொடர் பிறந்தது. பகுத்துப் பார்த்தால் அது முரண். வழக்கில் அது தேவை. குழந்தைப்பருவத்தில் தலையில் நீர் வார்க்கப்பட்டவர் வளர்ந்தபின் மூழ்கி எழுந்தால், முதலாவதற்குப் பெயர் என்ன? பெற்றோர் அதை ஞானஸ்நானம் என்பர். மகனோ அதை அப்பெயரால் அழைக்க மறுப்பான். குடும்பங்கள் பிரிந்ததும் இவ்விடத்தில்தான்.

மீட்பைக் குறிக்கும் சொற்களிலும் இதே இழுபறி தெரிகிறது. ‘இரட்சிப்பு’ காத்தலைக் குறிப்பது. ‘மீட்பு’ என்றால் அடகு வைத்த நகையைத் திருப்பிய நினைவு வரும். விலை கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘நான் இரட்சிக்கப்பட்ட நாள்’ என்று தேதியோடு கூறுவோர்க்கு மீட்பு முடிந்த நிகழ்ச்சி. நீர்முழுக்கு அதற்குப் பின் தரும் சாட்சி. கத்தோலிக்கருக்கோ மீட்பு நீரில் தொடங்கி வாழ்நாள் முழுதும் நீள்வது. வள்ளுவர் முதலாகப் பிறவியைக் கடலாகக் கண்டு கரையேறுதலைப் பேறாக எண்ணிய மொழியில், நீருக்குள் இறங்குவதே மீட்பின் வாயில் என்று முதன்முதலில் எடுத்துரைத்தவர்கள் என்ன இடர்ப்பட்டிருப்பார்களோ!

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கர் தனித்தமிழை நாடித் ‘திருமுழுக்கு’ என்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலும் அச்சொல்லே இடம்பெற்றது. ‘ஞான’ நீங்கியதால் ‘தூய ஆவியால் திருமுழுக்கு’ என்னும்போது எதிர்நிலை தெளிவாகிறது. வேடிக்கை என்னவெனில், பெரும்பாலும் தலையில் நீர் வார்ப்பவர்கள் முழுக்கு என்கின்றனர். உடல் முழுதும் அமிழ்த்துபவர்கள் இன்னும் ஸ்நானம் என்றே சொல்கின்றனர். பெயர் பொருந்தவில்லை என்று மாணவர் கேட்டால், கோயிற் குடமுழுக்கை எடுத்துக்காட்டலாம். அங்கும் நீர் குடத்திலிருந்து கலசத்தின்மேல் வார்க்கப்படுகிறதேயன்றிக் கோபுரத்தை எவரும் ஆற்றில் அமிழ்த்துவதில்லை.