தாய்ப்பால் வழி வந்த வரலாறு: அய்னு மக்களின் தொன்மை

யப்பானின் வடக்கேயுள்ள ஹொக்கைடோத் தீவின் பூர்வீகக் குடிகள் அய்னு மக்கள். எழுத்து வழக்கில்லாத தம் மொழியில் பழங்கதைகளை வாய்மொழியாகவே காத்துவந்தவர்கள். 1869 இல் யப்பானிய அரசு அத்தீவைத் தன் ஆட்சிக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது. 1899 இல் 'முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்' பிறந்தது. பெயர்தான் பாதுகாப்பு. வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தோரை உழவராக்கி, பிள்ளைகளுக்கு யப்பானிய மொழியைப் புகட்டி, பெருஞ்சமூகத்துள் கரைத்துவிடுவதே அதன் நோக்கம்.

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? விடை தேடியோர் அய்னு மக்களின் புதைகுழிகளைத் தோண்டி மண்டையோடுகளை அளந்தனர். அடர்ந்த தாடியைக் கண்டு ஐரோப்பியரின் உறவினர் என்றும் சிலர் எழுதினர்.

எதிர்பாராத சான்றொன்று மருத்துவத்துறையிலிருந்து கிடைத்தது. 1977 இல் யப்பானிய மருத்துவர்கள் ஒருவகை இரத்தப் புற்றுநோயை இனங்கண்டனர். நோயாளரிற் பலர் தென்மேற்கிலுள்ள கியூசுத் தீவினர். நோய்க்குக் காரணம் எச்.ரி.எல்.வி.–1 என்னும் வைரஸ் என்பது 1980களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. இது காற்றில் பரவுவதன்று. பெரிதும் தாய்ப்பால் வழியே பிள்ளையைச் சேர்கிறது. இதன் மரபணுவும் மிக மெதுவாகவே மாறுகிறது. ஆதலால் தலைமுறை பல கடந்தும் ஒரு குடியின் தடத்தை அது சுமந்து நிற்கிறது.

இரத்தப் பரிசோதனைகள் வியப்பான உண்மையொன்றைக் காட்டின. தெற்கே கியூசுவிலும் ஒக்கினாவாவிலும், வடக்கே அய்னு மக்களிடத்தும் இவ்வைரஸ் மிகுதி. இடைப்பட்ட பெருநிலத்திலோ குறைவு. ஆதியில் தீவுகளெங்கும் ஜோமோன் மக்கள் வாழ்ந்தனர். பின்னர் கொரியத் தீபகற்பத்திலிருந்து நெற்பயிருடன் வந்த குடியேறிகள் இடைநிலத்தை நிறைத்தனர். பழங்குடியின் சாயல் இரு முனைகளிலும் எஞ்சியது. 1991 இல் மானிடவியலாளர் ஹனிகாரா எலும்பு, பல் ஆய்வுகளின் துணையோடு இதே முடிவை முன்வைத்தார். 2012 இல் வெளியான மரபணு ஆய்வும் அய்னு மக்களுக்கும் ஒக்கினாவா மக்களுக்குமிடையே நெருக்கத்தைக் கண்டது. வடக்கிலிருந்து வந்த ஒக்கோட்ஸ்க் பண்பாட்டினரின் கலப்பும் அய்னு மக்களிடத்து உண்டு.

1899 ஆம் ஆண்டுச் சட்டம் 1997 இல் நீக்கப்பட்டது. 2008 இல் யப்பானிய நாடாளுமன்றம் அவர்களைப் பூர்வகுடிகளென ஏற்குமாறு அரசைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2019 இல் அது சட்டமாயிற்று.

இப்போது யப்பானில் கர்ப்பிணிகளுக்கு இவ்வைரஸ் பரிசோதனை செய்யப்படுகிறது. பிள்ளைக்குத் தொற்றாதிருக்கத் தாய்மாருக்கு வழிகாட்டப்படுகிறது. அத்தடம் மங்குதல் நன்றே. ஆனால், தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் வேறொன்றும் உண்டு. அய்னு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே. குருதியிலுள்ள சான்றை ஆய்வுகூடம் காக்கும். மொழியை வீடே காக்கவேண்டும்.