நாலு பக்கமும் அடைத்த ஊர்

பார்க் எக்ஸ்டென்ஷனில் முப்பது வருடம் இருந்தவரிடமும் இந்தப் பெயர் ஏன் வந்ததென்று கேட்டால் முழிப்பார். பார்க் அவெனியூ தெருவின் நீட்சி, அவ்வளவுதான். தோட்டக் காணிகளை வாங்கித் துண்டு போட்டு விற்ற கம்பனியின் வேலை. 1910இல் இந்த நிலம் மொன்றியல் நகரோடு சேர்க்கப்பட்டது.

பரப்பளவு 1.6 சதுர கிலோமீற்றர். தெற்கும் கிழக்கும் கனடியன் பசிபிக் தண்டவாளம், வடக்கில் 40ஆம் இலக்க நெடுஞ்சாலை, மேற்கில் லகாடி வீதி. வீதிக்கு அப்பால் பணக்காரரின் மவுண்ட் ரோயல் நகரம். மலையைக் குடைந்து சுரங்கம் போட்ட ரயில் கம்பனி, அந்தச் செலவை மீட்கத் திட்டமிட்டு உருவாக்கிய நகரம் அது. 1912இல் தனி நகரசபையானது.

1960இல் அந்தச் சபை லகாடி நெடுகக் கம்பிவேலி அடைத்தது. பிள்ளைகள் வீதிக்கு ஓடாமல் இருக்க என்றார்கள். இந்தப் பக்கத்துச் சனம் அதை அப்படி விளங்கவில்லை. ஹலோவீன் இரவில் வாசல்களைப் பூட்டிய காலமும் இருந்ததே! கதியால் ஓரடி தள்ளி நட்டதற்குக் கோடு ஏறியவர்கள்தான் நாங்களும். ஆனால் எங்கட வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதற்குள்ளால் கறிச்சட்டியும் வரும், கதையும் வரும்.

இப்படி அடைபட்ட இடத்தில் வாடகை மலிவு. அதனால்தான் வந்தவர் எல்லாரும் இங்கே வந்தார்கள். 1960களிலும் 70களிலும் கிரேக்கர். 1967இல் அவர்கள் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 ஆடிக்குப் பின் நாங்கள். 1931இல் கட்டிய ஜோன் தலோன் ரயில் நிலையத்தோடு ஒட்டி 1987இல் மெற்றோ திறந்தது. வேலைக்கு விடிய எழும்பி ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பிறகு ஜோன் தலோன் வீதியிலேயே துர்க்கை அம்மனும் வந்து குடியிருந்தா.

2019இல் தெற்குத் தண்டவாளத்துக்கு அப்பால், பழைய ரயில் நிலத்தில், மொன்றியல் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான வளாகம் திறந்தது. படிப்பு நல்லதுதான், ஆனால் அதோடு வாடகையும் ஏறத் தொடங்கியது. அறுபது வருடம் ஒருவரும் திரும்பிப் பாராத ஊருக்கு இப்போது விலை வந்திருக்கிறது.

வீட்டைத் திருத்தப் போகிறோம், எழும்புங்கோ என்று கடிதம் வந்தால் உடனே கையெழுத்து வைக்காதையுங்கோ. குவிபெக் சட்டத்தில் வாடகைக்கு இருப்பவருக்குத் தொடர்ந்து இருக்க உரிமை உண்டு. பிரெஞ்சு தெரிந்த பிள்ளையிடமோ, பார்க் எக்ஸ்டென்ஷன் வாடகைக்காரர் குழுவிடமோ முதலில் வாசித்துக் காட்டுங்கோ. பதில் சொல்லத் தவணை உண்டு, அதைப் பிந்தவிடாதையுங்கோ.