வாயில்லா உயிர்க்கு ஓர் இடம்



தன் முடிவைப் பற்றி முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் இயல்பு மனிதனுக்கு உண்டு. நம் நாட்டு மன்னர்கள் மறைந்த இடங்களிலே பள்ளிப்படைக் கோயில்கள் எழுந்தன. சிற்றூர்க் கிழவர், தம்மை எந்தக் கரையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று பேரனிடம் சொல்லி வைப்பார். ஆனால் நம்மோடு உண்டு, நம் திண்ணையிலே படுத்து, நம் குரலைக் கேட்டு வாலாட்டி வளர்ந்த உயிர் மறையும் நாளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் முன்னதாக எண்ணியிருக்கிறோம்? இக்கேள்வியை எனக்கு எழுப்பியது என் சிறு வயதில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி.

அப்போது நாங்கள் மதுரையில் வைகையின் வடகரையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தது. ஐப்பசி மாதத்து அடைமழையில் ஓர் இரவு அது இறந்துவிட்டது. வீட்டுக்குக் கொல்லை கிடையாது. தெருவிலோ முழங்கால் அளவு நீர். கோணிச் சாக்கில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் என் தந்தையாரும் விடியுமுன் ஆற்றங்கரைக்குச் சென்றோம். மணலைத் தோண்டத் தோண்ட நீர் ஊறியது. இரண்டடி ஆழத்துக்கு மேல் இயலவில்லை. மூன்றாம் நாள் வைகையில் வெள்ளம் வந்தது. நாங்கள் அடையாளத்துக்கு வைத்த கல்லையும் காணோம். என் தந்தையார், 'முன்னமேயே யோசித்திருக்க வேண்டும்' என்று மட்டும் சொன்னார். அவர் அச்சொல்லைப் பின்னும் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முன்னமேயே யோசித்தவர்கள் எங்கேனும் உண்டோ? அவ்வாறு யோசித்தவர்கள் மதுரைக்கு மிக அருகிலேயே இருந்தார்கள் என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன்.

வைகைச் சமவெளியில் மனிதனும் மாடும் கூடி வாழ்ந்த வரலாறு மிகப் பழையது. மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் அகழ்ந்தெடுத்த எலும்புகளுள் காளை, பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் இருந்தன. அதே வைகைப் பள்ளத்தாக்கில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலிலே இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். மாட்டின் பொருட்டு மனிதன் உயிர் கொடுத்தான்; அவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை முறையாக அமைந்த படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது.

இச்சிறப்பு மனிதனோடு நின்றுவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது அது. கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவமும், அவன் அருகே ஒரு நாயின் உருவமும் அதிலே செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் கல்வெட்டிலே பதிந்துள்ளன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் வட்டெழுத்துப் பொறித்த கல் ஒரு போர்ச்சேவலின் நினைவாக நிற்கிறது. கன்னட நாட்டு ஆதகூரில், காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட காளி என்ற வேட்டைநாய்க்குப் பத்தாம் நூற்றாண்டில் எடுத்த கல்லை இன்றும் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திலே காணலாம்.

ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்திலோ வேட்டையிலோ பெயரெடுத்த விலங்குகளுக்கே இக்கற்கள் எழுந்தன. ஆற்றல் ஓய்ந்து, பல் விழுந்து, பார்வை மங்கி மெல்லச் சாகும் விலங்குக்கு யார் கல் நட்டார்? அத்தகைய மரணத்துக்கு முன்னேற்பாடு செய்வதே அருமையானது. அதற்கு வீரத்தைப் போற்றும் மனம் மட்டும் போதாது; நன்றி மறவாத மனமும் வேண்டும்.

இவ்வேறுபாட்டைக் கிரேக்க அறிஞர் புளுட்டார்க் நன்கு உணர்ந்திருந்தார். உரோமானியத் தலைவர் கேட்டோ தம்மைப் போரில் சுமந்த குதிரையைக் கப்பற்கூலி மிச்சமாகட்டும் என்று இசுபானிய நாட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். இதனைக் குறிப்பிடும் புளுட்டார்க், உயிருள்ளவற்றைத் தேய்ந்த செருப்பைப் போல் எறியலாகாது என்ற கருத்தை வற்புறுத்துகிறார். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. ஏதென்சு நகரத்துப் பெருங்கோயிலைக் கட்டியபோது கல் இழுத்த கோவேறு கழுதைகளை வேலை முடிந்ததும் மேய்ச்சலுக்கு விட்டார்கள். அவற்றுள் ஒன்று தானாகவே திரும்பி வந்து ஏனையவற்றுக்கு முன்னே நடந்து சென்றதாம். அது சாகும் வரை பொதுச் செலவிலே தீனி தருவதென்று நகரத்தார் தீர்மானித்தனர். கி.மு. 480-இல் பாரசீகருக்கு அஞ்சி மக்கள் ஏதென்சை விட்டுக் கப்பலேறியபோது, சாந்திப்பசு என்பவரின் நாய் கப்பலோடு நீந்திச் சென்று சலாமிசுத் தீவில் கரையேறி உயிர் விட்டது. அதனைப் புதைத்த மேட்டுக்கு 'நாயின் கல்லறை' என்ற பெயர் நிலைத்தது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின், செருமனி நாட்டு ஓபர்காசலில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு மனிதரோடு ஒரு நாய்க்குட்டியையும் சேர்த்துப் புதைத்திருப்பதைக் காண்கிறோம். அக்குட்டி இறக்குமுன் நோயுற்றிருந்தது என்றும், பராமரிப்பு இல்லாவிடில் அத்தனை நாள் பிழைத்திராது என்றும் அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். செங்கடற்கரைத் துறைமுகமாகிய பெரனிகேயில், இற்றைக்கு 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் பூனைகளையும் நாய்களையும் குரங்குகளையும் தனித்தனியே அடக்கம் செய்த இடுகாடு வெளிப்பட்டிருக்கிறது. அங்கே கிடந்த குரங்குகளுள் இந்தியாவிலிருந்து சென்றவையும் உண்டு. தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்த அதே துறைமுகந்தான் அது. மிளகு ஏற்றிச் சென்ற கப்பலிலே நம் நாட்டுக் குரங்கும் சென்று, அயல்நாட்டிலே ஒருவருடைய அன்புக்கு உரியதாகி, அவர் கையாலேயே மண்ணுக்குள் சென்றது போலும்!

இனி மதுரைக்குத் திரும்புவோம். தைத்திங்களில் அவனியாபுரத்திலும், பாலமேட்டிலும், அலங்காநல்லூரிலும் முறையே சல்லிக்கட்டு நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். வாடிவாசலிலிருந்து முதலில் வெளிவருவது கோயிற்காளை. அதன்மேல் ஒருவரும் கை வைப்பதில்லை. அதற்குத் தனி உடைமையாளர் இல்லை. ஏரிலோ வண்டியிலோ அதனைப் பூட்டுவதும் இல்லை. அது எந்த வயலில் வாய் வைத்தாலும் விரட்டுவாரில்லை. அது ஊர்ப் பிள்ளை.

அலங்காநல்லூருக்கு அருகே என் உறவினர் ஊருக்கு ஒருமுறை சென்றிருந்தேன். அவ்வூர்க் கோயிற்காளைக்கு அப்போது முதுமை வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை மந்தைப்புறமாக அழைத்துச் சென்று, புளியமரத்துக்கு அப்பால் ஒரு மேட்டைக் காட்டினார். "இதுக்கு முந்தின காளை இங்கேதான் இருக்கு தம்பி. பக்கத்திலே இன்னொன்றுக்கு இடம் விட்டிருக்கோம். கிணறு தூரம்; தண்ணீர் தேங்காத மேடு. பார்த்துத்தான் வைத்திருக்கோம்" என்றார். காளை அப்போது எங்களுக்குப் பின்னால் நின்று வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அதனைத் தட்டிக்கொடுத்தபடியே அவர் இதைச் சொன்னார். அவர் முகத்திலே கலக்கம் இல்லை. ஒரு கடமையைச் செவ்வனே செய்து முடித்தவரின் அமைதியே இருந்தது. என் தந்தையார் பலமுறை சொல்லிய சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

அத்தகைய காளை இறந்தால் ஊரே துக்க வீடாகும். நீராட்டி, மஞ்சளும் சந்தனமும் பூசி, கொம்பிலே மாலை சூட்டிப் பொதுவிடத்தில் வைப்பார்கள். சுற்றுப்புற ஊரார் வேட்டியும் துண்டும் மாலையும் கொண்டுவந்து மரியாதை செய்வார்கள். மேளம் முழங்க ஊர்வலமாகச் சென்று, ஆழக் குழி தோண்டி அடக்கம் செய்வார்கள். பின்னர் அவ்விடத்தில் விளக்கேற்றி வழிபடுவதும் உண்டு.

இவ்வன்பு எத்துணை ஆழமானது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பெருந்தொற்றுக் கால ஊரடங்கின்போது, அலங்காநல்லூரை அடுத்த முடுவார்பட்டியில் மூளி என்று ஊரார் அழைத்த காளை இறந்தது. கூட்டம் கூடலாகாது என்ற ஆணை நடப்பில் இருந்தும் மக்கள் திரளாகக் கூடி அதனை வழியனுப்பினர். அதன்பொருட்டு வழக்கும் பதிவாயிற்று. நோய் பரவும் காலத்தில் அவ்வாறு கூடியது தவறே என்பதில் ஐயமில்லை. ஆயினும், சில மனிதருக்கே உற்றார் சூழ்ந்த இறுதிச் சடங்கு வாய்க்காத அந்நாட்களில், ஒரு காளைக்காக அத்தனை பேர் வீட்டை விட்டு வந்தார்கள் என்பதை வரலாறு மறக்காது.

மற்றொன்றையும் நினைவிற்கொள்க. 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் இளைஞர் திரண்ட பிறகே அதற்குத் தனிச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் செல்லும் என 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், களத்துக்குப் போகாத காளையை எதற்காகத் தீனி போட்டு வளர்ப்பது என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது. விற்றவர்கள் உண்டு. கடன் வாங்கியும் காத்தவர்கள் உண்டு. பயன் போன பிறகும் ஓர் உயிரைக் காப்போமா என்று புளுட்டார்க் எழுப்பிய அதே கேள்வி நம் மாட்டுத் தொழுவத்திலும் எழுந்ததைப் பாருங்கள்!

சிற்றூருக்கு மந்தை உண்டு, மேடு உண்டு. நகரத்தில் வாழ்வோர் என் செய்வது? பாரிசு நகரத்தார் ஒரு காலத்தில் இறந்த நாய்களைச் சீன் ஆற்றில் எறிந்து வந்தனர். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இறந்த விலங்குகளைக் குடியிருப்புகளிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால், மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று விதித்தது. அதன் விளைவாக அடுத்த ஆண்டே அசுனியேர் என்னுமிடத்தில் செல்லப் பிராணிகளுக்கெனத் தனி இடுகாடு தோன்றியது. ஆற்றைக் காக்க எழுந்த சட்டம் அன்புக்கும் ஓர் இடம் தேடித் தந்தது. நம் நாட்டில் மும்பை மாநகராட்சி, மலாடு பகுதியில் சிறு விலங்குகளை எரியூட்டுவதற்கென்றே எரிவாயுத் தகனமேடையை 2023-இல் அமைத்தது. இடம் நெருங்கிய நகரங்களுக்குத் தகனமே ஏற்ற முறை. அது நிலத்தடி நீரைக் கெடுக்காது. தெருவிலங்குகள் தோண்டியெடுக்கும் அவலமும் நேராது.

இப்போது என் வீட்டில் பன்னிரண்டு வயது நாய் ஒன்று இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது நடுவிலே நின்று மூச்சு வாங்குகிறது. சென்ற ஆண்டு குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து அதன் இறுதி பற்றிப் பேசினோம். புதைப்பதா, எரிப்பதா, எங்கே, யார் உடன் வருவது, எவ்வளவு செலவாகும், இரவு நேரத்தில் யாரை அழைப்பது என்பவற்றையெல்லாம் கால்நடை மருத்துவரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். வேதனை நீங்க ஊசி மருந்தால் உயிர் பிரியச் செய்த விலங்கின் உடலில் அம்மருந்து தங்கியிருக்கும் என்றும், அதனைத் தின்னும் காக்கையும் நாயும்கூட இறக்க நேரும் என்றும், ஆதலால் ஆழப் புதைப்பதோ எரிப்பதோ இன்றியமையாதது என்றும் அவர் விளக்கினார். வெறிநோய் ஐயம் இருந்தால் உடலை நாமே தொடலாகாது என்பதையும் அவரிடமே அறிந்தோம்.

என் இளைய மகள் முதலில் அழுதாள். "உயிரோடு இருக்கும்போதே இப்படிப் பேசலாமா அப்பா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு ஆற்றங்கரைக் கதையையும், புளியமரத்து மேட்டின் கதையையும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, அதற்குப் பிடித்த பழைய போர்வையை அதனோடு வைக்க வேண்டும் என்று தாளின் கடைசியில் தானே எழுதினாள்.

நண்பர்களே, அத்தாள் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எழுதி முடித்த பின் அதனை நாங்கள் எடுத்துப் பார்த்ததே இல்லை. நாயோ ஒவ்வொரு மாலையும் வாசலில் எனக்காகக் காத்திருக்கிறது. நாளைய கவலையைத் தாளிலே இறக்கி வைத்துவிட்டதால், இன்றைய பொழுதை அதனோடு மகிழ்ந்து கழிக்க எங்களால் இயல்கிறது. காளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அதற்குரிய இடத்தைக் காட்டிய அந்தப் பெரியவரிடம் நான் கற்றுக்கொண்டது இதுவேயாகும்.