அணைகளும் ஆற்றுச் சூழலும்: ஐந்தருவி முதல் பாபநாசம் வரை

தென்காசி மாவட்டம் குற்றாலத்தின் ஐந்தருவிக்கு மேலே பெரிய அணை ஏதும் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் திரிகூட மலையில் மழை வலுத்தால் அருவி பெருகுகிறது; மழை ஓய்ந்தால் மெலிகிறது. இந்நீர் சிற்றாற்றின் வழியே சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது.

தாமிரபரணியிலோ நீர்வரத்தை இன்று முடிவு செய்வது பெரும்பாலும் மதகுகளே. முற்கால அணைக்கட்டுகள் நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பின. வெள்ளம் அவற்றின் மேலேறிச் சென்றது. 1944இல் மின் உற்பத்தி தொடங்கிய பாபநாசம் திட்டத்தின் காரையாறு அணை அப்படிப்பட்டதன்று. அது 143 அடி வரை நீரைத் தேக்கிவைக்கிறது. அதன்பின் மணிமுத்தாறு, சேர்வலாறு அணைகள் வந்தன.

காரையாறு அணை நீர்ப்பரப்பின் அடியில் இருப்பது ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரக் காடு மலைச்சரிவுக் காட்டினின்று வேறானது; ஈரமும் நிழலும் நாடும் மரங்கள், தவளைகள், பூச்சிகள் அங்குதான் செறிந்து வாழும். அது மூழ்கினால் கரையை மேலே தள்ளி நடுவதற்கு வழியில்லை. முன்பு சுற்றுலாப் பயணிகள் பாணதீர்த்த அருவிக்குப் படகில் சென்றதும் இந்தப் பள்ளத்தாக்கின் மேல்தான். மேலேயுள்ள இஞ்சிக்குழியின் காணிக் குடியினர், அணைநீரைப் படகில் கடந்தோ காட்டுவழி நடந்தோ வெளியே வர வேண்டியுள்ளது. சுற்றிலும் உள்ள காடு 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமானது. மூழ்கிய பகுதி அதற்கு முன்பே போய்விட்டது.

அணைச்சுவர் மீன்களின் வழியையும் மறிக்கிறது. முட்டையிட ஆற்றில் மேலேறும் இனங்களுக்கு முதல் வெள்ளமே அழைப்பு. மின் தேவைக்கும் பாசனத்துக்கும் ஏற்ப நீர் திறக்கப்படும்போது அந்த அழைப்பு காலம் தவறுகிறது. வண்டல் தேக்கத்திலேயே படிவதால் அணையின் கொள்ளளவு குறைகிறது, கீழே வயலுக்குச் சேரும் உரமண்ணும் குறைகிறது.

பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கார், பிசானம் என்ற இரு போகங்களுக்கும் அணைநீரே உறுதி தந்தது. மணிமுத்தாறு அணை நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு நீர் கொண்டு சென்றது. ஆனால் கணக்கு எழுதப்பட்டபோது ஏக்கரும் மின் அளவும் மட்டுமே ஏறின. உலக அணைகள் ஆணையம் தன் அறிக்கையில் இவ்விடுபடலைச் சுட்டியது 2000ஆம் ஆண்டில்தான்.

ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் மண்மேடு தட்டி, 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தூர்வார ஆணையிட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே புன்னைக்காயல் கழிமுகம். கோடையில் நன்னீர் வரத்து குறையும்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் இடம் அது.